பாப்பாவுக்குப் பதினெட்டு

"உனக்கு வயசு என்ன?"

"பதினெட்டு."

"எந்த வருஷம் பொறந்தே?"

பாப்பா வாயைத் திறந்தாள், கூரையைப் பார்த்தாள், கடைசியில் நிஜமாகவே பிறந்த வருஷத்தைச் சொல்லித் தொலைத்தாள்.

"மூணு கழி, மூணு கழின்னு காலையிலேர்ந்து கத்திக்கிட்டிருக்கேன்! பத்தாவது படிக்கிற கழுதைக்கு மூணு கழிக்கத் தெரியாதா?" அப்பா கண்ணாடியிலிருந்து திரும்பினார். முகத்தில் பாதி சவர நுரை. மீதிப் பாதி சிவந்திருந்தது.

பின்னால் நின்று மகளுக்குத் தலை பின்னிக்கொண்டிருந்த அம்மா வாயைத் திறக்கவில்லை. அவர் கையில் சவரக்கத்தி இருக்கும்போது யாரும் எதிர்த்துப் பேசுவதில்லை. கத்தி இல்லாதபோதும் அந்த வீட்டில் அதுதான் பழக்கம்.

பாப்பா விரல் விட்டு எண்ணினாள். எண்ணிக்கொண்டே அவள் கண் சுவரில் மாட்டியிருந்த கல்யாணப் போட்டோவில் போய் நின்றது. அப்பாவும் அம்மாவும் திருடிப் பிடிபட்டவர்கள்போல விறைத்து நிற்கும் படம். அடியில் பொன்னெழுத்தில் தேதியும் வருஷமும்.

"அப்பா, ஒரு சந்தேகம்."

"என்ன?"

"மூணு கழிச்சா, உங்க கல்யாணத்துக்கு ஒரு வருஷம் முன்னாடியே நான் பொறந்துடறேனே?"

பின்னல் போட்ட கை நின்றது. சவரக்கத்தியும் நின்றது. அப்பா போட்டோவைப் பார்த்தார், மனைவியைப் பார்த்தார், பிறகு சுலபமான வேலையாக மகளை முறைத்தார்.

"இதையெல்லாம் எவன் உக்காந்து கணக்குப் பார்க்கப் போறான்? சொன்னதைச் சொல்லு!"

அத்தை அப்போது குளியலறையில் இருந்தாள். அவள் காதில் விழுந்திருந்தால் கதை அங்கேயே முடிந்திருக்கும். தண்ணீர் சத்தத்தில் கேட்கவில்லை.

அப்பாவுக்கு ஊரெல்லாம் வைத்த பெயர் 'ஹெல்மெட்'. அடுக்குமாடி கட்டும் இடத்தில் பாதுகாப்பு மேஸ்திரி. வாசலில் நின்று, தலையில் கவசம் இல்லாதவனை உள்ளே விடாமல் தடுப்பதுதான் உத்தியோகம். ஒருமுறை முதலாளியே காரை விட்டு வெறுந்தலையோடு இறங்கியபோது, "ஐயா, ஹெல்மெட்" என்று கையை நீட்டி மறித்துவிட்டார். முதலாளி சிரித்துக்கொண்டே வாங்கிப் போட்டுக்கொண்டாராம். இந்தக் கதையைக் கேட்காத விருந்தாளி அந்த வீட்டுப் படியை விட்டு இறங்கியதில்லை.

அம்மா வேலை பார்ப்பது சட்டை தைக்கும் ஆலையில். தைத்து வரும் சட்டைகளில் நீட்டிக்கொண்டிருக்கும் நூல்களைச் சின்னக் கத்தரியால் வெட்ட வேண்டும். அதனால் அங்கே அவள் 'பிசிறக்கா'. நாள் முழுக்க வெட்டி வெட்டி வலது கட்டைவிரல் காய்த்து, பொத்தான்போலத் தடித்திருந்தது. யார் பேச்சிலும் எங்கே நூல் நீட்டிக்கொண்டிருக்கிறது என்று அவள் கண்ணுக்கு உடனே தெரியும். வெட்டத்தான் வீட்டில் கத்தரி கிடையாது.

பாப்பாவுக்கு வயது பதினைந்து. தெருமுனைக் கடைக்குத் தனியாகப் போய்ப் பென்சில் வாங்கக்கூட அனுமதியில்லை. "வயசுக்கு வந்த பொண்ணு, காலம் கெட்டுக் கிடக்கு" என்பாள் அத்தை. அத்தை என்றால் ஹெல்மெட்டின் அக்கா, பிள்ளைகள் இல்லாதவள், தம்பியின் வீட்டில் தங்கி, குடும்ப மானத்துக்குச் சம்பளமில்லாத காவல் பார்ப்பவள். பள்ளிக்கூடத்தில் அருங்காட்சியகம் கூட்டிப் போனபோது, டீச்சர்கள் ஐந்து பேர் கூடப் போனால் போதாது என்று பாப்பாவை வீட்டிலேயே நிறுத்திக்கொண்டார்கள்.

அப்படிப்பட்ட வீட்டுக்குள் ஒருவன் கைப்பேசி வழியாக நுழைந்தான். கட்டுமான இடத்தில் மாதிரி வீட்டைப் படம் பிடிக்க வந்த கூட்டத்தில் ஒருவன். பெயர் சொல்லிக் கூப்பிட்டால் பிடிக்காது. "கோஆர்டினேட்டர்னு சொல்லுங்க" என்பான். ஹெல்மெட்டின் கைப்பேசியில் பாப்பாவின் படத்தைப் பார்த்துவிட்டு, "சார், இது முகமா, ஹோர்டிங்கா!" என்றான். அதுவரை யாரும் அவரை சார் என்று கூப்பிட்டதில்லை.

அன்றிலிருந்து ஹெல்மெட்டுக்குத் தூக்கத்திலும் ஒரே காட்சி: தான் நிற்கிற வாசலுக்கு மேலே, மூன்று மாடி உயரத்துக்குத் தன் மகளின் முகம். பிறருக்கு ஆயிரம் வீடு கட்டுவதைப் பார்த்துவிட்டு இரண்டு அறை வாடகை வீட்டுக்குத் திரும்புகிற மனிதன். அந்த ஆசையைத் தப்பு என்று சொல்ல பிசிறக்காவுக்கு மனம் வரவில்லை. பாப்பாவுக்கும் ஆசைதான். தலையில் பாடப்புத்தகத்தை வைத்துக்கொண்டு மொட்டை மாடியில் அவள் நடந்து பழகுவதை அம்மா துணி காயப்போடும்போது பார்த்திருக்கிறாள். புத்தகம் விழாது.

ஆனால் கோஆர்டினேட்டர் இரண்டே நிபந்தனை வைத்தான். வயது பதினெட்டு என்று இருக்க வேண்டும். முதலில் எடுத்து அனுப்புகிற மாதிரிப் படங்களில் பெரியவளாகத் தெரிய வேண்டும்.

"மைனர்னா நூறு தொல்லை சார். அம்மா வரணும், அப்பா வரணும், கையெழுத்து, நேரம், ஸ்கூல் லீவு... பதினெட்டுன்னா நாங்களே பார்த்துக்குவோம்."

"நாங்களே பார்த்துக்குவோம்" என்ற இடத்தில் பிசிறக்காவுக்கு ஒரு நூல் நீட்டிக்கொண்டிருந்தது. ஹெல்மெட்டுக்கு அது பட்டு இழையாகத் தெரிந்தது.

*

ஸ்டுடியோ ஒரு தையல்கடைக்கு மேலே, குறுகலான படிக்கட்டு ஏறிப் போக வேண்டிய இடத்தில் இருந்தது. வேலைக்கு அரை நாள் லீவு சொல்லிவிட்டு பிசிறக்காவும் வந்திருந்தாள். "அம்மா வந்தாத்தான் எடுப்பேன்" என்று அந்த ஸ்டுடியோக்காரம்மா போனிலேயே சொல்லியிருந்தாள். ஐம்பது வயதிருக்கும். நரைத்த தலையைக் கொண்டை போட்டு அதில் பென்சில் குத்தியிருந்தாள். மலிவு என்பதால் ஹெல்மெட் அந்த இடத்தைப் பிடித்திருந்தார்.

உள்ளே வெள்ளைக் காகிதச் சுருள் சுவரிலிருந்து தரைவரை இறங்கியிருந்தது. குடை வைத்த விளக்குகள். கதவு மூடிவிடாமல் இருக்க அடியில் ஒரு மரத்துண்டு. கீழே தையல் மெஷின் ஓடும் சத்தம் அதன் வழியே வந்துகொண்டிருந்தது. காமிராவுக்குப் பக்கத்தில் கைவைத்த நாற்காலி ஒன்று.

"வயசு என்னம்மா?" என்றாள் ஸ்டுடியோக்காரம்மா.

"பதினெட்டு." வருஷத்தையும் பாப்பா இந்தமுறை சரியாகக் கழித்தே சொன்னாள். ஹெல்மெட்டுக்கு உச்சி குளிர்ந்தது. அந்தக் குளிர்ச்சியில் வாய் நழுவியது.

"பாப்பா, காலை ஆட்டாம உக்காரு. நாளைக்குக் கணக்குப் பரீட்சைன்னு நேத்துப் பூரா அழுதுட்டு, இப்ப பாருங்க மேடம், ஆட்டத்தை."

"என்ன பரீட்சை?"

"பத்தா..." என்று ஆரம்பித்தவர் மீதியை விழுங்கினார். விழுங்கியது தொண்டையில் நின்றது. "ஏன் மேடம், பதினெட்டு வயசுல பத்தாவது படிக்கக்கூடாதா? புள்ள கொஞ்சம் மந்தம்."

"யாரு மந்தம்?" பாப்பா துள்ளி எழுந்துவிட்டாள். "நான் கிளாஸ்ல ரெண்டாவது ரேங்க்!"

ஸ்டுடியோக்காரம்மா சிரித்துவிட்டாள். "அப்படிச் சொல்லு. ரெண்டாவது ரேங்க் வாங்கற பொண்ணுக்கு வயசு எத்தனை?"

"பதினஞ்சு."

பிசிறக்கா தரையைப் பார்த்தாள். சிரிப்பு வெளியே வந்துவிடக்கூடாதே என்று கன்னத்தை உள்ளிருந்து கடித்துக்கொண்டாள்.

"சரி, பதினஞ்சுன்னா பதினஞ்சு மாதிரி எடுக்கலாம்" என்றாள் ஸ்டுடியோக்காரம்மா, சந்தையில் காய் மாற்றிக் கொடுப்பவள்போல. "இந்த நாற்காலியில அம்மா உக்காரணும். இங்கேர்ந்து பொண்ணும் தெரியும், நான் எடுக்கற படமும் தெரியும். கதவை மூட மாட்டேன். துணி மாத்த அந்த ரூம், தாழ்ப்பாள் உள்பக்கம், அம்மா மட்டும் கூடப் போகலாம். முடி சரி பண்ணணும், காலர் இழுக்கணும்னா நான் தொட மாட்டேன், வாயால சொல்வேன், அம்மா பண்ணட்டும். அவ வயசுக்கு அவ போடற துணிதான். இந்தச் செருப்பு என்ன இது? இது உங்களுதா?"

"எங்க அத்தையோடது" என்றாள் பாப்பா. குதிகால் உயர்ந்த செருப்புக்குள் முன்பக்கம் காகிதம் திணித்திருந்தது.

"கழட்டிடு. உங்க போனை மேஜை மேல கவுத்து வைங்க சார். இங்கே இந்தக் காமிரா ஒண்ணுதான் படம் எடுக்கும். படம் உங்க ரெண்டு பேர் கையிலதான் வரும். வேற யாருக்கும் அனுப்ப மாட்டேன். ஸ்கூல் பேரு, வீட்டு வாசல் எதுவும் படத்துல வராது." பிறகு அவள் பாப்பாவின் பக்கம் திரும்பினாள். "கடைசியா ஒண்ணு. உனக்குப் பிடிக்கலன்னா 'போதும்'னு சொல்லு. நிறுத்திடுவேன். ஏன்னு கேக்க மாட்டேன்."

ஹெல்மெட் பொறுத்துப் பொறுத்துப் பார்த்தார். போனைக் கவிழ்த்தபோதே அவருக்கு முகம் மாறிவிட்டது. கோஆர்டினேட்டருக்கு அங்கிருந்தே படம் அனுப்புவதாகச் சொல்லியிருந்தார்.

"என்ன மேடம் இது? ஜெயிலா? நான் பெத்த பொண்ணு. என்னையே சந்தேகப்படறீங்களா? நாங்க மானம் மரியாதையோட வாழற குடும்பம்."

"நீங்க தப்புப் பண்ணுவீங்கன்னு நான் சொல்லல சார். நான் பண்ணுவேன்னும் சொல்லல. யார் வந்தாலும் தப்புப் பண்ண முடியாத மாதிரி இந்த ரூம் இருக்கணும். அவ்வளவுதான்."

பிசிறக்காவுக்குச் சட்டென்று காது நிமிர்ந்தது. இந்தப் பாட்டை எங்கேயோ கேட்டிருக்கிறோமே! எங்கேயோ என்ன, தினம் சாப்பாட்டுத் தட்டுக்கு முன்னால் கேட்பதுதான். புதிதாக வேலைக்கு வருகிற பையன்களிடம் என்ன சொன்னேன் தெரியுமா என்று ஆரம்பிப்பார்: 'டேய், நீ விழுவேன்னு நான் சொல்லல. விழுந்தா மண்டை மிஞ்சணும்னு சொல்றேன். ஹெல்மெட்டு சந்தேகம் இல்லடா, மரியாதை.'

அவள் புருஷனைப் பார்த்தாள். அவருக்கு அது ஞாபகம் வந்ததாகத் தெரியவில்லை. மூட்டை தூக்குகிறவன் தலைக்கு ஒரு விதி. பெற்ற மகளுக்கு விதி என்று யாராவது சொன்னால் அது அவமானம்.

"வா பாப்பா, வேற ஸ்டுடியோ இல்லியா ஊர்ல!" ஹெல்மெட் எழுந்தார்.

பிசிறக்கா எழவில்லை. கைவைத்த நாற்காலியில் போய் உட்கார்ந்தாள். உட்கார்ந்த பிறகுதான் உட்கார்ந்துவிட்டோம் என்பதே அவளுக்குத் தெரிந்தது.

"அரை நாள் லீவு போட்டாச்சுங்க" என்றாள். "எடுத்துட்டே போயிடலாம்."

பாப்பா வெள்ளைக் காகிதத்தில் வெறுங்காலோடு நின்றாள். முதல் சில படங்களில் ரேஷன் வரிசையில் நிற்பவள்போல இருந்தாள். பிறகு ஸ்டுடியோக்காரம்மா கணக்குப் பரீட்சையைப் பற்றி ஏதோ கேட்க, முதல் ரேங்க் எடுக்கும் பையன் எப்படி மூக்கைச் சொறிந்துகொண்டே கணக்குப் போடுவான் என்று பாப்பா நடித்துக்காட்டினாள். விளக்கு மின்னி மின்னி அணைந்தது. நாற்காலிக்கு எதிரே இருந்த திரையில் ஒவ்வொரு படமாக வந்து விழுந்தது. பிசிறக்கா வாயைப் பிளந்தாள். இந்தப் பெண்ணா தினம் என்னிடம் சீப்படி வாங்குகிறது!

ஹெல்மெட்டுக்கும் உள்ளூரப் பெருமைதான். அதனாலேயே சும்மா இருக்க முடியவில்லை. "பின்னலை அவுத்து விடு. குழந்தை மாதிரி சிரிக்காதே. கொஞ்சம் பெரிய பொம்பளையாட்டம் நில்லு! சார் சொன்னாரில்ல, அந்த மாதிரி..."

பாப்பாவின் முகம் மெதுவாகச் சுருங்கியது. அம்மாவைப் பார்த்தாள். "போதும்" என்றாள்.

ஸ்டுடியோக்காரம்மா காமிராவை இறக்கி மேஜையில் வைத்தாள். விளக்குகளை ஒவ்வொன்றாக அணைத்தாள். ஏன் என்று கேட்கவில்லை.

"இன்னும் நாலு எடுங்க மேடம், அவ கெடக்கா!"

"அவ சொல்லிட்டா சார்."

பிசிறக்கா அந்த அணைந்த விளக்கையே பார்த்துக்கொண்டிருந்தாள். அவள் ஆலையிலும் மெஷினை நிறுத்த ஒரு சிவப்புப் பொத்தான் உண்டு. யாரும் அழுத்தி வேலையைக் கெடுத்துவிடக்கூடாது என்று சூப்பர்வைசர் அதன் மேல் டப்பா மூடியை வைத்து ஒட்டிவிட்டான். வீட்டில் பொத்தானே கிடையாது. ஒரு பொம்பளைப் பிள்ளை வாயால் ஒரு வார்த்தை சொல்லி, ஓடிக்கொண்டிருந்த ஒன்று நிற்பதை இந்த வயதில் முதல்முறையாகப் பார்க்கிறாள்.

*

படங்களைப் பார்த்த கோஆர்டினேட்டர் உதட்டைப் பிதுக்கினான். "நல்லாத்தான் இருக்கு. ஆனா குழந்தை மாதிரி இருக்கே."

குழந்தை என்றால் குழந்தை மாதிரி இருக்காமல் வேறு எப்படி இருக்கும் என்று யாரும் அவனைக் கேட்கவில்லை.

"நம்ம ஆளு ஸ்டுடியோ இருக்கு சார். ஏசி. அங்க பேரண்ட்ஸ் வெளிய சோபாவுல ஜாலியா உக்காந்திருப்பாங்க. உள்ள வந்தா பொண்ணுங்களுக்குக் கூச்சம் வந்துடும். அது முடிஞ்சா வெளியூர் ஷூட்டிங். எட்டுப் பொண்ணுங்க, ஒரே வண்டி. பேரண்ட்ஸுக்கு வண்டியில இடமில்ல. லீவு அன்னிக்கு வீட்டுக்கு வர்றேன், வயசு பதினெட்டுதான்னு ஃபார்ம்ல ரெண்டு பேரும் கையெழுத்துப் போட்டா முடிஞ்சுது. பர்த் சர்டிஃபிகேட் இருக்கா?"

"அது மழையில ஒழுகி, நனைஞ்சு, போயிடுச்சு சார்" என்றார் ஹெல்மெட்.

"நல்லதாப் போச்சு" என்றான் அவன்.

தன்னைக் கண் முன்னால் உட்காரச் சொன்ன ஸ்டுடியோ ஹெல்மெட்டுக்கு ஜெயிலாகத் தெரிந்தது. கதவைச் சாத்திவிட்டு வெளியே சோபாவில் உட்கார வைக்கும் ஸ்டுடியோ மரியாதையாகத் தெரிந்தது. அத்தையும் ஒத்துக்கொண்டாள். "நம்ம குடும்பத்துக்கு ஒரு பேரு கிடைக்கும்னா போயிட்டு வரட்டும். பெரிய மனுஷங்க கூடத்தானே போறா, பென்சில் கடைக்கா போறா?"

"ஏங்க," என்று பிசிறக்கா ஒருநாள் சோறு போடும்போது மெதுவாக ஆரம்பித்தாள், "உங்க வாசல்ல ஒருத்தன் வந்து, ஹெல்மெட் வேணாம், கயிறு வேணாம், மேலே என்ன நடக்குதுன்னு நீ பார்க்கவும் வேணாம், நான் பார்த்துக்கறேன்னு சொன்னா விடுவீங்களா?"

"செருப்பால அடிப்பேன்."

"அதான் கேட்டேன்."

"அதுவும் இதுவும் ஒண்ணா? அது வேலை. இது குடும்பம். கொழம்பை ஊத்து."

அவள் ஊற்றினாள்.

*

லீவு நாள் பகலில் கோஆர்டினேட்டர் வந்தான். வாசனை அவனுக்கு முன்னால் வந்து உட்கார்ந்தது. அத்தை தன் கையாலேயே டீ போட்டுக் கொண்டுவந்து வைத்தாள். ஹெல்மெட் முதலாளி கதையைச் சொல்லி முடித்தார். அவன் சரியான இடங்களில் சிரித்தான். பிறகு காகிதத்தை மேஜையில் விரித்தான். வயது என்ற இடத்தில் பதினெட்டு என்றும், பிறந்த வருஷமும் ஏற்கனவே எழுதியிருந்தது.

"வெளியூர்ல மூணு நாள். போன் எல்லாம் வாங்கி வச்சுக்குவோம், டிசிப்ளின். பொண்ணுங்க வேலையில கவனமா இருக்கணுமில்ல?"

கதவோரம் நின்றிருந்த பாப்பா, அம்மாவைப் பார்த்தாள். அந்த ஸ்டுடியோவில் பார்த்த அதே பார்வை.

"போதும்" என்றாள்.

"என்னது?" என்றார் ஹெல்மெட்.

"எனக்குப் படம் எடுத்துக்கப் பிடிக்கும்பா. ஆனா இப்படி வேணாம். போதும்."

கோஆர்டினேட்டர் சிரித்தான். "சோ ஸ்வீட்! பயம் சார், எல்லாப் பொண்ணுங்களும் மொதல்ல இப்படித்தான்."

"பெரியவங்க பேசும்போது என்ன வாய்?" என்றாள் அத்தை.

"உள்ளே போ" என்றார் ஹெல்மெட். பேனாவை எடுத்துக் கையெழுத்தைப் போட்டார். வளைத்து வளைத்து, முதலாளியே பார்க்கப் போகிறார் என்பதுபோல. பிறகு காகிதத்தை மனைவி பக்கம் தள்ளினார். "போடு."

ஒன்றும் நிற்கவில்லை. வார்த்தை சொல்லியாகிவிட்டது, மெஷின் ஓடிக்கொண்டிருந்தது. பாப்பா உள்ளே போகாமல் கதவைப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

பிசிறக்கா முந்தானையில் கையைத் துடைத்தாள். எழுந்து போய்ச் சுவரிலிருந்து கல்யாணப் போட்டோவைக் கழற்றினாள். பதினேழு வருஷமாக யாரும் தொடாத ஆணி சுண்ணாம்போடு கையில் வந்தது. போட்டோவைத் துடைத்து, மேஜையில் அந்தக் காகிதத்துக்குப் பக்கத்தில், பொன்னெழுத்து நன்றாகத் தெரியும்படி வைத்தாள்.

"எதுக்கு இது?" என்றார் ஹெல்மெட்.

"கையெழுத்துப் போடறதுக்கு முன்னாடி அண்ணி ஒரு தடவை பார்த்துடட்டும். குடும்பத்துக்குப் பெரியவங்க. நாளைக்கு எங்கிட்ட ஏன் சொல்லலைன்னு கேக்கக்கூடாது பாருங்க." அவள் நாத்தனார் பக்கம் திரும்பினாள். குரலில் மரியாதை குறையவில்லை. "அண்ணி, இதுல பாப்பா பொறந்த வருஷம் எழுதியிருக்கு. அதுல எங்க கல்யாணம் ஆன வருஷம் எழுதியிருக்கு. சரியா இருக்கான்னு பாருங்க."

அத்தை போட்டோவுக்கும் காகிதத்துக்குமாகக் குனிந்து நிமிர்ந்தாள். அவள் பள்ளிக்கூடம் அதிகம் போனதில்லை. ஆனால் எந்த வீட்டில் எப்போது கல்யாணம், எத்தனை மாதத்தில் பிள்ளை என்கிற கணக்கில் அவளை அடித்துக்கொள்ள அந்தத் தெருவில் ஆள் கிடையாது.

"ஒரு வருஷம் இடிக்குதே..." என்றாள்.

"இடிக்கத்தான் செய்யும் அண்ணி. பதினெட்டுன்னா அப்படித்தான் இடிக்கும்."

"ஏய்! என்ன பேச்சு பேசறே?" ஹெல்மெட் பாய்ந்து எழுந்தார்.

"நான் எங்க பேசறேன்? நீங்க கையெழுத்துப் போட்டதைப் படிச்சுக் காட்டறேன்."

அத்தையின் முகத்தில் ரத்தம் ஏறிக்கொண்டே வந்தது. "அடப்பாவி! கல்யாணத்துக்கு முன்னாடியேவா? எங்கம்மா கண்ணை மூடற வரைக்கும் எங்ககிட்ட மறைச்சுட்டியாடா? இவளைப் பொண்ணு பார்க்கப் போனப்போ ஒண்ணும் தெரியாத பூனை மாதிரி என் பின்னாடியே வந்து உக்காந்திருந்தியே! எங்கே விட்டு வளர்த்தீங்க ஒரு வருஷம்?"

"அக்கா, அதெல்லாம் இல்லக்கா..."

"இல்லைன்னா எப்படி? நீயே எழுதியிருக்கே. இதோ உன் கையெழுத்து! இதைப் பார்க்கறவன் என்னடா சொல்வான் நம்ம குடும்பத்தை?"

மகளுக்கு வயது கூட்டியபோது வராத வேர்வை ஹெல்மெட்டின் நெற்றியில் முத்து முத்தாக வந்தது. மகளைக் கதவுக்கு அந்தப் பக்கம் அனுப்பத் துணிந்த மனிதர், அக்காவின் ஒரு கேள்விக்கு முன்னால் நடுங்கினார்.

"பதினஞ்சுக்கா! பாப்பாவுக்குப் பதினஞ்சுதான்! சத்தியமா! கல்யாணம் ஆகி ரெண்டாவது வருஷந்தான் பொறந்தா. சும்மா எழுதினது இது!"

"சும்மா எழுதுவாங்களா?"

"இரு, இரு." அவர் இரும்பு பீரோவை நோக்கி ஓடினார். துணிகளை வாரி வெளியே போட்டார். மழையில் ஒழுகி, நனைஞ்சு, போயிடுச்சு என்று சொன்ன பிறப்புச் சான்றிதழ், பிளாஸ்டிக் உறைக்குள் மடிப்புக்கூடக் கலையாமல் வெளியே வந்தது. "பாருக்கா! கவர்மெண்ட் முத்திரை! பதினஞ்சு! சார், நீங்களும் பாருங்க சார், நல்லாப் பாருங்க, என் பொண்ணுக்குப் பதினஞ்சு!"

கோஆர்டினேட்டர் அதைத் தொடவில்லை. மேஜையிலிருந்த காகிதத்தை எடுத்து மடித்துப் பைக்குள் போட்டுக்கொண்டான். டீ மிச்சமிருந்தது, அதைக் குடித்து முடித்தான்.

"என்ன சார் இது, மைனர்னு எங்கிட்ட ஒரு வார்த்தை சொல்லலியே? நாங்க சட்டத்தை மதிக்கறவங்க." வருத்தத்தோடு தலையை ஆட்டிவிட்டுப் போனான். வாசனை மட்டும் கொஞ்ச நேரம் உட்கார்ந்திருந்தது.

*

அதற்குப் பிறகு ஹெல்மெட் மனைவியிடம் பல நாள் பேசவில்லை. தெருவில்தான் பேச்செல்லாம். அத்தை கத்தியது மாடிப்படி வரை கேட்டிருந்தது. மாடிப்படிக்குக் கேட்டால் தெருவுக்குக் கேட்ட மாதிரி. அதனால் டீக்கடையில், தண்ணீர்க் குழாயில், வேலையிடத்து வாசலில், யாரும் கேட்காமலேயே அவர் சொல்லிக்கொண்டு திரிந்தார்: "என் பொண்ணுக்குப் பதினஞ்சுதாங்க. கல்யாணம் ஆகி ரெண்டாவது வருஷம் பொறந்தது." சான்றிதழின் நகல் ஒன்று சட்டைப்பையிலேயே இருந்தது. ஹெல்மெட் என்ற பெயர் போய், சில பேர் அவரை 'பதினஞ்சு' என்று கூப்பிட ஆரம்பித்தார்கள்.

பிசிறக்காவையும் தெரு விடவில்லை. குழாயடியில் இரண்டு பெண்கள் பேச்சை நிறுத்தி, அவள் இடுப்பைப் பார்த்து, மறுபடி பேச்சை எடுத்தார்கள். அத்தைக்கு முத்திரையைக் காட்டியும் முழு நம்பிக்கை வரவில்லை. நாள்காட்டியைப் பார்த்தால் இன்னும் விரலை மடக்குகிறாள். பிசிறக்கா அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. ஒரு நூலை இழுத்து வெட்டினால் கொஞ்சம் சட்டையும் சுருங்கத்தான் செய்யும். அது அவள் தொழிலில் தெரிந்த விஷயம்.

"அம்மா," என்று பாப்பா ஒருநாள் கேட்டாள், "நான் போதும்னு சொன்னப்ப யாருமே நிறுத்தலியே."

பிசிறக்கா பின்னலை முடித்து ரிப்பனைக் கட்டினாள். "அதுக்குத்தான் அந்த ஸ்டுடியோக்காரம்மா நாற்காலி போட்டு வச்சிருக்கா" என்றாள்.

அந்தம்மாவிடமிருந்து போன் வந்திருந்தது. பள்ளிக்கூடப் பை விற்கிற கம்பெனிக்குப் பதினைந்து வயதுப் பெண் வேண்டும். பெண் பெண்ணாகவே இருந்தால் போதும். அம்மா கூட வர வேண்டும். வராவிட்டால் படம் இல்லை.

அடுத்த லீவு நாள் காலையில் பிசிறக்கா துவைத்த புடவையைக் கட்டிக்கொண்டாள். பாப்பா தன் சொந்தச் செருப்பைத் தேடி எடுத்தாள். யாரிடமும் அனுமதி கேட்கவில்லை. அத்தை வாயைத் திறந்தாள். பிசிறக்கா சுவரில் மறுபடி மாட்டியிருந்த போட்டோவை ஒருமுறை திரும்பிப் பார்த்தாள். அத்தை வாயை மூடிக்கொண்டாள்.

ஹெல்மெட் கண்ணாடி முன் பாதி முகத்தில் நுரையோடு நின்றார். கண்ணாடிக்குள்ளேயே அவர்களைப் பார்த்தார். அவர்கள் வாசலைத் தாண்டும் வரை பொறுத்தார். அதற்கு மேல் முடியவில்லை.

"பாப்பா! அங்க வயசு கேட்டா என்ன சொல்லுவே?"

பாப்பா படியில் நின்று திரும்பினாள்.

"பதினஞ்சுதான்பா சொல்லுவேன். பயப்படாதீங்க. உங்க மானத்துக்கு ஒண்ணும் ஆகாது."